சமையல்காரிக்கு ரெண்டு செம்பு

பாலை அடுப்புல வச்சாச்சு, இனி இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, மணி மூணரை, நாலு மணிக்கு நூருலும் டெய்சியும் வந்துடுவாங்க, அதுக்குள்ள டீ ரெடியா இருக்கணும், சர்க்கரை டப்பா எது, இதுல ரவை இருக்கு, இதுலயும் ரவை, எதுக்கு இத்தனை ரவை வாங்கி வச்சா இவ, ஒரு டப்பாவுலயாவது பேர் எழுதி ஒட்டியிருக்கலாம்ல, அவளுக்கு எதுக்குப் பேரு, கண்ணை மூடிக்கிட்டே எடுப்பா. அக்கா போய் நாப்பத்தி ஆறு நாளாச்சு, இன்னும் எனக்கு இந்த வீட்டுல சர்க்கரை எங்க இருக்குன்னு தெரியல, வெட்கங்கெட்ட ஜென்மம், நாப்பத்தஞ்சு வயசாகுது. காலையில தெருமுனை டீக்கடை, மத்தியானம் கம்பெனி கேன்டீன், ராத்திரி புரோட்டா, இந்த அடுப்பைப் பத்த வைக்கறதே இன்னிக்குத்தான். நேத்து நூருல் போன் பண்ணி, மாப்ள, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வர்றோம், விளையாடுவோம், எத்தனை நாளைக்கு இப்படிச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேடான்னான், சரின்னுட்டேன், சொன்னதுக்கு அப்புறம்தான் டீ ஞாபகம் வந்துச்சு. எங்க மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு, கதைக்குள்ள ஆளாளுக்கு ஒரு வேஷம் போட்டு ஆடுற விளையாட்டு, அதுல சண்டை வரும்போது யாரோட ஆளு சண்டையில இல்லையோ அவங்க எந்திரிச்சுப் போய் டீ போடணும், நான்தான் போட்டேன் அந்தச் சட்டத்தை, போட்டப்போ ரொம்ப நியாயமாத்தான் தெரிஞ்சுச்சு, சும்மா இருக்கறவங்கதானே போடணும். ஆறு வருஷத்துல நூருல் ஒரே ஒரு தடவை போட்டான், அவனோட வீரனுக்குக் கால் ஒடிஞ்சப்போ. டெய்சி ரெண்டு தடவை. மத்த எல்லா ஞாயித்துக்கிழமையும் அக்காதான், ஏன்னா அக்காவோட ஆளு சமையல்காரி, சமையல்காரி சண்டைக்குப் போகமாட்டா.

இந்தா இருக்கு சர்க்கரை, ஹார்லிக்ஸ் பாட்டில்ல. யாருக்குத் தெரியும் இதெல்லாம். வேற யாருகிட்டயாவது இந்த விளையாட்டைச் சொன்னா கம்ப்யூட்டர்லயான்னு கேப்பான், கம்ப்யூட்டர் இல்லைய்யா, மேஜையில, காகிதம், பென்சில், ரப்பர், இருபது மூஞ்சி உள்ள ஒரு பகடை, அவ்வளவுதான். நூருல் திருச்சி பூரா மருந்துக்கடைக்குச் சரக்கு போடுறவன், இங்க வந்து உக்காந்தா வாள் பிடிச்ச வீரன். டெய்சி கணக்கு டீச்சர், இங்க மந்திரக்காரி. நான் கதையை நடத்துறவன், பூதம் வந்தா பூதம் நான், ராஜா வந்தா ராஜா நான், மழை பேயறதும் நான்தான், கடைக்காரன் பேசுனா அவனும் நான்தான், விலை சொல்றதும் நான்தான், அவங்க மூணு பேரைத் தவிர அந்த உலகத்துல பேசுற எல்லா வாயும் என் வாய். மூணாவது ஆளா இருந்தவன் மஸ்கட் போயிட்டான், ரெண்டு பேரை வச்சு நடத்த முடியல, அக்கா டீத் தட்டோட வந்து நின்னா, நீயும் உக்காரேங்க்கான்னேன், ஏதோ பொழுது போகட்டும்னு. எனக்கு வாளெல்லாம் வராதுடா தம்பி, வெங்காயம் நறுக்குற கத்திதான் வரும், சமையல்காரின்னு போட்டுக்கோன்னா. பேரு? மரகதம். ஏங்க்கா மரகதம்? நல்லாருக்குல்ல, அம்மா எனக்கு அதை வச்சிருக்கலாம், கோகிலம் கோகிலம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு பாட்டுகூட வரலை எனக்கு. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் சம்பளம். சட்டப் புஸ்தகம் ஒண்ணு இருக்கு எங்ககிட்ட, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது, கடைசிப் பக்கத்துல பட்டியல், தீப்பந்தம் பிடிக்கறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு செம்புக்காசு, துணி துவைக்கறவளுக்கு ஒண்ணு, குதிரை பார்த்துக்கறவனுக்கு ரெண்டு, சமையலுக்கு ரெண்டு. அக்கா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு அதே பக்கத்துல கீழே படிச்சா, சத்திரத்துல ஒரு ராத்திரி படுக்க அஞ்சு செம்புன்னு. ஏன்டா, அப்போ சத்திரத்துல சமைக்கறவளால அந்தச் சத்திரத்துல ஒரு ராத்திரி படுக்க முடியாதா? நான் சொன்னேன், அவ அடுப்படியில படுத்துப்பாக்கா. சொல்லிட்டுப் பகடையை உருட்டிட்டேன். அக்கா பாய் இந்தா சுருட்டி நிக்குது, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி, முப்பத்தியோரு வருஷமா அது நிக்கற இடம் அதுதான், ஃபேன் உள்ள ரூம் என்னோடது, பரீட்சைக்குப் படிக்கறான் அவன், அவனுக்குக் காத்து வேணும்னு அம்மா செத்த வருஷம் அக்கா கொடுத்தது, பரீட்சை எப்போ முடிஞ்சுச்சு. பால் இன்னும் காயவே ஆரம்பிக்கல, கேஸ் தீரப்போகுதோ என்னவோ.

நூறு செம்பு ஒரு பொன். ஒரு பூதத்தைக் கொன்னா மூணு பொன். நூருலோட வீரன் எந்திரிச்சு, பல்லு விளக்கறதுக்குள்ள வெளிய ஒரு பூதத்தை வெட்டிட்டு வந்தான்னா, அதே காசுக்கு மரகதம் அஞ்சு மாசம் சமைக்கணும். டெய்சிதான் முதல்ல கத்துனா, என்ன அநியாயம் மூர்த்தி இது, அன்னிக்குப் பாலத்துக்கிட்ட நாங்க ரெண்டு பேரும் சாகக் கிடந்தோம், அக்கா கஞ்சி காய்ச்சி ஊத்தலைன்னா காயம் ஆறியிருக்குமா, காயம் ஆறாம இவன் வாளைத் தூக்கியிருப்பானா, அந்தப் பூதத்தோட மூணு பொன்னுல கஞ்சிக்கு ஒண்ணுமில்லையா? நான் என்ன சொன்னேன், புஸ்தகத்துல இருக்குன்னேன். புஸ்தகத்துல இருக்கு. அதைச் சொல்றதுல எனக்கு ஒரு சுகம், இப்போ நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. டெய்சி விடல, சரி, சம்பளம்தான் ரெண்டு செம்பு, சண்டை போடுறவங்க மேல மேல படி ஏறுறாங்களே, நான் ஒம்பதாம் படி, இவன் பத்து, அக்கா இன்னும் முதல் படியில நிக்கறாங்களே, சமைக்கச் சமைக்கக் கை தேறாதா ஒருத்திக்கு? தேறும், ஆனா அதுக்குப் புஸ்தகத்துல எண் இல்ல. அக்கா நடுவுல பூந்து, விடுங்க டீச்சர், விளையாட்டுதானே, சக்கரை போதுமான்னு கேட்டா. போதும்னு சொன்னோம். எப்பவும் போதுமாத்தான் இருக்கும் அவ போடுற டீ.

முதல் புதையல் அகப்பட்டது அக்கா சேர்ந்த மூணாம் மாசம், மலைக்குகையில, முந்நூத்தி அறுபது பொன், அந்த எண் நல்லா ஞாபகம் இருக்கு, நூருல் மேஜையைத் தட்டின தட்டுல பகடை சோபாவுக்கு அடியில போயிடுச்சு. அவனுக்கு நூத்தியெண்பது, டெய்சிக்கு நூத்தியெண்பது. மூணாப் போடுன்னா டெய்சி, சம்பளக்காரிக்குப் பங்கு கிடையாதுன்னேன். அதோட அவங்க குகையை விட்டு இறங்கி, துறைமுகப் பட்டணத்துக்கு வந்தாங்க. அப்போதான் அக்கா கேட்டா, ஆறு வருஷத்துல அவளா வாயைத் திறந்து ஒரு பொருள் கேட்டது அது ஒண்ணுதான். ஏன்டா தம்பி, இந்த ஊர்ல ஒரு சாப்பாட்டுக்கடை வாங்கணும்னா என்ன விலை வரும்? பெருசா வேணாம், ஆறு பெஞ்சு, கடல் பக்கம் பார்த்த மாதிரி ஒரு ஜன்னல், கல்லாவுல நான் உக்காந்துப்பேன், சமையலுக்கு ஆள் வச்சுப்பேன். ஆள் வச்சுப்பியாக்கான்னு நூருல் சிரிச்சான், பின்னே, முதலாளின்னா சும்மாவான்னு அவளும் சிரிச்சா. புஸ்தகத்துல கடைக்கு விலை கிடையாது. நான்தான் சொன்னேன், யோசிக்கக்கூட இல்ல, நூத்தியிருபது பொன். அக்கா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தா. ம், சரியாத்தான் சொல்றேடான்னா. எந்திரிச்சுப் போய் டீ வடிகட்டிக்கிட்டே உள்ளேயிருந்து கணக்குப் போட்டுச் சொன்னா, பதினாறு வருஷம் சொச்சம் ஆகும்டா, இருக்கட்டும், எங்க ஓடிப்போகப் போகுது கடை. ஐயையோ பால், பால், பொங்கிடுச்சு, நிறுத்து, எந்தப் பக்கம் திருகணும், சனியன் பிடிச்ச ஸ்டவ், மேடை பூரா வழிஞ்சு தீப்பெட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு, பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் பொங்கவிட்டிருக்கேன், கரித்துணி எங்க, கரித்துணியும் எங்க இருக்குன்னு தெரியல.

பாதிப்பால் இருக்கு, மூணு பேருக்குப் போதும், மூணு பேர்தானே இப்போ. பனியனைக் கழட்டித் துடைச்சுட்டேன், அக்கா பார்த்தா கொன்னுபோட்டிருப்பா. பொங்குன பால் வாசம், இந்த வாசம் வந்தா சிங்காரம் ஞாபகம் வரும், வேண்டாம், இப்போ வேண்டாம், நாலு மணிக்கு ஆள் வர்றாங்க. வந்துடுச்சு. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி கரூர்ல இருந்து அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தாரு அந்த மனுஷன், பஸ் பாடி கட்டுற பட்டறை, பொண்டாட்டி தவறி நாலு வருஷம், புள்ளை கிடையாது, அக்காவுக்கு அப்போ முப்பத்தொம்பது. ஜாதகம், சீர், எதுவும் வேண்டாம்னாரு. அன்னிக்குத்தான் அக்கா பாலைப் பொங்கவிட்டா, வாழ்க்கையில ஒரே தடவை, உள்ளேயிருந்து சிங்காரம் பேசுறதைக் கேட்டுக்கிட்டு நின்னவ அடுப்பை மறந்துட்டா. வந்தவரு வாசம் பிடிச்சு, பரவாயில்லைங்க, எனக்குக் கடுங்காப்பியே போதும்னாரு, உள்ளே அக்கா சிரிச்ச சத்தம் கேட்டுச்சு, அப்படி ஒரு சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. அவரு போனதும் கேட்டேன், என்னக்கா சொல்றே. உன் இஷ்டம் தம்பின்னா. என் இஷ்டமாம். பார்க்கலாம்னேன். விசாரிக்கணும்ல, கரூர்ல யாரைத் தெரியும் நமக்கு, ஆடி போகட்டும், ஆவணி பொறக்கட்டும். நாலு மாசம் போன் பண்ணவே இல்ல நான். நம்பர் சட்டைப் பையிலயே இருந்துச்சு, அக்கா அந்தச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து மேஜையில வச்சு, மேலே பேனாவை வச்சுட்டுப் போவா, ஒரு வார்த்தை கேக்கமாட்டா, நானும் எடுத்து மறுபடி பையில போட்டுக்குவேன். கார்த்திகையில அவருக்கு வேற இடத்துல முடிஞ்சுடுச்சுன்னு தகவல் வந்துச்சு. அக்கா, சரி விடு, ராத்திரிக்கு என்ன, உப்புமாவா இட்லியான்னு கேட்டா. நான் இட்லின்னு சொன்னேன், எனக்கு அந்த நேரத்துல வாயில வந்தது அதுதான்.

தூள் போட்டாச்சு, கொஞ்சம் அதிகமோ, இருக்கட்டும். மேஜையை ஒழிக்கணும், காகிதமெல்லாம் இந்த ஃபைல்லதான் இருக்கு, கடைசியா விளையாடுன ஞாயித்துக்கிழமை எப்படி வச்சோமோ அப்படியே, அடுத்த புதன்கிழமையே நெஞ்சு கரிக்குதுடான்னு ஓமத் தண்ணி குடிச்சுட்டுப் படுத்தவ எந்திரிக்கல. இது நூருலோடது, டீக்கறை. இது டெய்சியோடது. இது மரகதம். என்ன எழுத்துக்கா உன் எழுத்து, டைப்ரைட்டிங் கிளாஸைப் பாதியில விட்டவ, எழுத்து மட்டும் அச்சு மாதிரி. நாள் வாரியா சம்பளம் எழுதியிருக்கா, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, விளையாட்டுல நாலு வருஷம் ஓடியிருக்கு, மொத்தம் இருபத்தொம்பது பொன் இருபது செம்பு. ஒரு செம்பு செலவழிக்கல. மேலே ஓரத்துல 120னு எழுதி ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா, இத்தனை நாள் என் கண்ணுல படவே இல்ல, 360, கீழே கோடு, 3. முந்நூத்தி அறுபதை மூணால வகுத்திருக்கா. அவ்வளவுதான் கணக்கு. மூணாம் வகுப்புப் புள்ளை போடும். அன்னிக்கு மூணு பங்கா போட்டிருந்தா அவ பங்கு நூத்தியிருபது. கடையோட விலை நூத்தியிருபது. நான் சொன்ன விலை. யோசிக்காம வாயில வந்ததுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன், யோசிக்காம எப்படி வரும், எது கைக்குக் கிடைக்கலையோ மிகச் சரியா அதே அளவுக்கு விலை எப்படி வரும். தெரிஞ்சு செஞ்சேனா? இல்ல. சத்தியமா இல்ல. அப்போ தெரியாமலா? கடை வாங்கிட்டா மரகதம் இந்தக் கூட்டத்தோட வரமாட்டா, கல்லாவுல உக்காந்துடுவா, அப்புறம் அக்காவுக்கு இந்த மேஜையில என்ன வேலை, எந்திரிச்சுப் போயிடுவா, எங்க போவா, எங்கயோ, எந்திரிச்சுப் போயிடுவா, அதுதான் பயம், சிங்காரத்துக்கும் அதே பயம்தான், வேற ஒரு மண்ணும் இல்ல, ஆடியும் இல்ல ஆவணியும் இல்ல, யாரு எனக்குச் சோறு போடுவான்னு ஒரு பயம். அவளுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. சரியாத்தான் சொல்றேடான்னு சொன்னாளே. தெரிஞ்சுக்கிட்டு ஆறு வருஷம் ரெண்டு ரெண்டுன்னு எழுதியிருக்கா, டீ போட்டிருக்கா, சக்கரை போதுமான்னு கேட்டிருக்கா, அக்கா, கத்தியிருக்கலாம்ல நீ, அந்தத் தட்டைத் தூக்கி என் மூஞ்சியில அடிச்சிருக்கலாம்ல. பெல் அடிக்குது. மூஞ்சியைக் கழுவணும்.

நூருல் உள்ளே வந்ததும் வழக்கம் போல சமையல்கட்டுப் பக்கம் பார்த்து வாயைத் திறந்தான், மூடிக்கிட்டான். டெய்சி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மேஜை மேல வச்சா, அக்கா இருந்தப்போ ஒரு நாளும் வாங்கிட்டு வந்ததில்ல. டீயைக் கொடுத்தேன், நூருல் ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழே வச்சான், நல்லாருக்கு மாப்ளன்னான், பொய். டெய்சிதான் கேட்டா, அக்காவோட ஆளை என்ன பண்ணப் போறே மூர்த்தி? நூருல், பூதம் கீதம் கொன்னுடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதப்பா, என்னால கேக்க முடியாதுன்னான். நான் அந்தக் காகிதத்தை அவங்க பக்கம் தள்ளினேன், வட்டத்தைக் காட்டினேன், பென்சில் கணக்கைக் காட்டினேன். கணக்கு டீச்சருக்கு ஒரு நொடி கூட ஆகல, முகம் மாறிப்போச்சு, நூருலுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. நான் சொன்னேன், குகைப் புதையலை மூணாப் போட்டிருக்கணும், இப்போ போடுறேன், மரகதம் அன்னிக்கே கடையை வாங்கிட்டா, குகைக்கு அப்புறம் உங்ககூட வரவே இல்ல. அப்போ எங்களுக்கு யாருப்பா சமைச்சதுன்னான் நூருல். யாரும் சமைக்கல. அப்போ நாங்க எப்பவோ செத்திருப்போமே. ஆமான்னேன். டெய்சி ரப்பரை எடுத்து அவ காகிதத்துல நூத்தியெண்பதை அழிச்சு நூத்தியிருபதுன்னு எழுதினா, ரப்பரை நூருல்கிட்ட நீட்டினா. அவன் அழிச்ச அழிப்புல காகிதம் கிழிஞ்சு போச்சு. ரெண்டு அறுபது. இவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரப்பரும் அரை நிமிஷமும் இருந்தா முடிஞ்சிருக்கும்.

சரி, செத்தோமோ பொழைச்சோமோ, நாங்க துறைமுகத்துக்குப் போறோம்னான் நூருல், அக்கா கடைக்குப் போறோம், காசு கொடுத்துச் சாப்பிடுறோம், நீ நடத்து. பென்சிலைப் பிடிச்சுக்கிட்டுத் தயாரா உக்காந்துட்டான், சாப்பிட்டதும் காசைக் கழிச்சு எழுதறதுக்கு. கல்லாவுல அக்கா இருக்காங்களா, எங்களைப் பார்த்துட்டு என்ன சொல்றாங்கன்னு டெய்சி கேட்டா. நான் வாயைத் திறந்தேன். அந்த உலகத்துல எல்லா வாயும் என் வாய்தானே, மரகதத்தோட வாயும் இனிமே என்னோடது, பேசணும், என்ன பேசுவா, சாப்டியாடான்னு கேப்பா, இல்ல, அவ முதலாளி இப்போ, அதை ஏன் அவ கேக்கணும், சக்கரை போதுமா, அதுவும் இல்ல, தூங்கப் போடா மணியாச்சு, சட்டையைக் கழட்டிப் போடு துவைக்கணும், கேஸ் தீர்ந்துடுச்சு பதிவு பண்ணு, இட்லியா உப்புமாவா, வேற, வேற என்ன பேசுவா அவ, நாப்பத்தஞ்சு வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கேன், எனக்கு எதுவும் செய்யாத நேரத்துல எங்க அக்கா என்ன பேசுவான்னு எனக்கு ஒரு வரி தெரியல. ஒரே ஒரு வரி. கடல் பக்கம் ஜன்னல் வச்சுக்கிட்டு எதைப் பார்ப்பா, யாரை நினைச்சுப்பா, அந்தக் கரூர் சிரிப்பை மறுபடி எப்போ சிரிப்பா, தெரியல. ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கிட்டிருக்காங்க, என் கண்ணு ரெண்டும் வழியுது, துடைக்கத் தோணல.

கடை பூட்டியிருக்குன்னேன். நூருல், என்னப்பான்னான். கடை பூட்டியிருக்கு, கதவுல ஒரு பலகை தொங்குது, ஞாயித்துக்கிழமை விடுமுறைன்னு எழுதியிருக்கு, அச்சு மாதிரி எழுத்து. அக்கா எங்கே? தெரியல. பக்கத்துக் கடையில கேளேன்னா டெய்சி, மெதுவா. கேட்டேன், பக்கத்துக் கடைக்காரனும் நான்தானே. அவங்க காலையிலேயே கிளம்பிட்டாங்க, நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போனாங்க, எங்கன்னு எங்கிட்ட சொல்லல, எதுக்குச் சொல்லணும், அவங்க முதலாளியம்மான்னு சொன்னேன். நூருல் பென்சிலைக் கீழே வச்சான். அப்போ நாங்க இப்படியே வாசல் படியில உக்காந்திருக்கோம் மாப்ள, நாளைக்குத் திறக்கட்டும்னான், ஆறிப்போன டீயை எடுத்துக் குடிச்சான். அதுல நான் சர்க்கரையே போடல, யாரும் சொல்லவும் இல்ல.